போட்டி முடிந்தது, பையன் இனி எங்கே பாடுவது?

என் அக்கா மகனுக்கு 15 வயது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துப் பையன். போன வருடம் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகி, பல சுற்று தாண்டி, இறுதிச் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே வந்தான். ஊர் திரும்பிய அன்று, பேருந்து பாம்பன் பாலம் ஏறியதும் உள்ளே இருந்தவர்கள் அவனை அடையாளம் கண்டு பாடச் சொன்னார்கள். தங்கச்சிமடத்தில் இறங்குவதற்குள் இரண்டு பாட்டு பாடியிருந்தான். நானும் அந்தப் பேருந்தில் இருந்தேன். கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றார் ஒருவர். எங்கள் குழுவில் பாடட்டும் என்றார் இன்னொருவர். ஒரு நிறுவனம் ஒப்பந்தத் தாளையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டது. யூடியூப் சேனல் தொடங்கித் தருகிறோம் என்று ஒரு கோஷ்டி. வேறொரு சேனலில் அடுத்த போட்டி வருகிறது, இப்போதே பதிந்துவிடுங்கள் என்றும் ஒரு அழைப்பு. பள்ளிக்கூடத்தில் மட்டும், பத்தாம் வகுப்பை ஒழுங்காக முடிக்கட்டும் என்றார்கள்.

நான் 22 வருடமாக இந்தப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவன். அதனால் அக்கா, "தம்பி, நீதான் பார்த்துச் சொல்லணும்" என்று பொறுப்பை என் கையில் கொடுத்துவிட்டாள். மச்சான் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவரும் கரையில் இருந்தார். பையனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வும் முடிந்திருந்தது. நாலு பேரும் பல சாயங்காலங்கள் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு வழியிலும் நாங்கள் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இந்தக் கடற்கரையில் இதே நிலையில் இன்னும் சில வீடுகள் இருப்பது எனக்குத் தெரியும்.

எந்த வழியை எடைபோடும் முன்பும் பையனுடைய குரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போட்டியில் அவன் பாடியது ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் குரல் உயரம்). இப்போது ஐந்து கட்டையிலேயே மேல் ஸ்தாயியில் குரல் பிசிறுகிறது, சில நேரம் பாதி வார்த்தையில் கீழே விழுகிறது. நாடகக் கம்பெனிக் காலத்தில் இதை மகரக்கட்டு என்பார்கள். பால பார்ட், அதாவது சிறுவர் வேடம், கட்டிய பையன்கள் பலருக்கு அதோடு மேடை போய்விடும். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீள்கின்றன, அதனால் சுருதி இறங்குகிறது. ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயியே, அதாவது ஒரு ச-விலிருந்து கீழே அடுத்த ச வரை, இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் இரண்டு மூன்று சுரங்கள் அளவுக்குத்தான். பையன்களுக்கு இது உட்கார்ந்து நிலைக்க 17, 18 வயதாகலாம். போட்டியில் ஐந்தரையில் பாடியவன் இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டையிலோ ஒன்றரையிலோ பாடுவான். டிவியில் ஊர் கேட்டு ரசித்த அந்தக் குரல் திரும்பி வரப்போவதில்லை. வரப்போகிற குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த நேரத்தில் பாட்டையே நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. நடுவில் வசதியாக நிற்கும் சுரங்களில் மெதுவாகப் பாடலாம். எட்டாத இடத்தைத் தொண்டையை இறுக்கி எட்டிப் பிடிக்கக் கூடாது. தொண்டைக் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அதனால் எந்த வழியைப் பேசினாலும் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: இந்த இரண்டு வருடத்தில் அது குரலை என்ன செய்யும்?

அந்த ஒப்பந்தத்தைத்தான் முதலில் எடுத்தோம், ஏனென்றால் அதற்குத்தான் கெடு வைத்திருந்தார்கள். ஐந்து வருடம் அவன் எங்கே பாடினாலும் அவர்கள் மூலமாகத்தான் பாட வேண்டும். அவன் பெயரில் வரும் வீடியோக்கள் அவர்களுக்குச் சொந்தம். கையெழுத்துப் போட்டதும் ஒரு முன்பணம். அக்காவுக்கு அந்தத் தொகை பெரிதாகத் தெரிந்தது, அதில் தப்பில்லை, வீட்டில் கடன் இருக்கிறது. மச்சான் நான் வாசித்துக் காட்டியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இது யாவாரிகிட்ட முன்பணம் வாங்குன கணக்குத்தான மாப்ள" என்றார்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வலையும் இன்ஜினும் போட்டவர், பிடித்த மீனை அவருக்கேதான் கட்ட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. பக்கத்தில் இன்னொருவர் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மீன் படாத மாதத்திலும் கடன் அப்படியே நிற்கும். மச்சான் அதில் 11 வருடம் இருந்து வெளியே வந்தவர். குரல் மாறிப் பாட முடியாமல் போகும் மாதங்கள் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை என்று நான் சொன்னதும் தாளை மடித்து வைத்துவிட்டார்.

ராமநாதபுரத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் காட்டினோம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, அதனால்தான் அப்பா கையெழுத்தைக் கேட்கிறார்கள் என்றார். அப்பா தன் பெயரில் எதற்காவது பொறுப்பேற்றால் அது அவர் தலையில்தான் விடியும். எந்த ஒப்பந்தமானாலும் எத்தனை வருடம், வேறு இடத்தில் பாட அனுமதி உண்டா, எப்படி வெளியே வரலாம் என்ற மூன்றையும் படித்துப் பாருங்கள். ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு தாராளமாகப் போகலாம்.

இன்னும் சின்னப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்கு ஒன்று. 14 வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரம் தாண்டக் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சென்னை. பையனுக்கு இதில்தான் ஆசை. நியாயமான ஆசைதான். சினிமாவில் பாட வேண்டும் என்று நினைக்காத பாடகன் உண்டா? அவன் சொன்ன உதாரணம் ஸ்ரேயா கோஷல். சிறு வயதில் டிவி போட்டியில் ஜெயித்து, 16 வயதிலேயே பெரிய இந்திப் படத்துக்குப் பாடினார். நான் அவனுக்குச் சொன்ன உதாரணம் அரிஜித் சிங். வங்காளத்தில் ஜியாகஞ்ச் என்ற சிற்றூர்க்காரர். 18 வயதில், 2005இல், ஒரு போட்டியில் பாடினார், ஜெயிக்கவில்லை. நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்தது 2013இல். இடையில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக, ஸ்டுடியோவில் புரோகிராமிங் செய்துகொண்டு வேலை கற்றார். ஸ்ரேயா கோஷலும் போட்டிக்கு முன்பிருந்தே, சின்ன வயதிலிருந்து சாஸ்திரிய சங்கீதம் படித்தவர். இரண்டு பேரிடமும் கையில் ஒரு வித்தை இருந்தது.

சென்னையில் குடியேறினால் என்ன நடக்கும்? அக்காவும் பையனும் அங்கே, மச்சான் இங்கே கடலில். வாடகை, புதுப் பள்ளி. மாதத்தில் நாலு இடத்தில் குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் ட்ராக் பாடும் வேலை. நீங்கள் பாடிக் கொடுப்பீர்கள், பிறகு பெரிய பாடகர் வந்து அதே மெட்டைப் பாடுவார், உங்கள் குரல் எடுக்கப்பட்டுவிடும். அது கேவலமான வேலை இல்லை, மெட்டைச் சீக்கிரம் பிடிக்க அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் இன்று ட்ராக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வீட்டில் ஒரு கண்டென்சர் மைக்கில் பாடி அனுப்பச் சொல்கிறார்கள். தங்கச்சிமடத்திலிருந்தே அதைச் செய்யலாம். நேரில் கூப்பிட்டால் ரயில் இருக்கிறது. 2022 டிசம்பரில் பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்ற பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்குள் ரயிலே வரவில்லை. 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறந்தார்கள். இப்போது ராமேஸ்வரத்தில் இரவு ஏறினால் மறுநாள் காலை சென்னையில் இறங்கலாம். குரல் உடைகிற வயதில் குரலை விற்கப் போய் நகரத்தில் உட்காருவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 18க்கு அப்புறம் போகட்டும், நானே பெட்டி தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவேன்.

கச்சேரிக் குழு என் சொந்த உலகம். அதனால் இதில் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி என்று எங்கள் பக்கம் கோயில் திருவிழாக்கள், முளைப்பாரி, மாதா கோயில் கொடியேற்றம், தர்கா சந்தனக்கூடு, நடுநடுவே கல்யாண வரவேற்பு. தட்டியில் "டிவி புகழ்" என்று பையன் படம் போட்டால் குழுவுக்கே விலை கூடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் அங்கேயும் கூப்பிடுவார்கள். பணம் உடனே கைக்கு வரும் வழி இது ஒன்றுதான். அதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியாது, என் வீட்டு அடுப்பு எரிந்தது இந்தப் பணத்தில்தான்.

பாடகனாக நிற்கக் கற்றுக்கொள்ள மேடையை விட்டால் வேறு இடமும் இல்லை. டிவியில் ஒரு பாட்டை ஒரு வாரம் பழக்கிக் கொடுப்பார்கள், பின்னணியில் தேர்ந்த வாத்தியக்காரர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். ஊர் மேடையில் கரண்ட் போகும், மழை தூறும், முன் வரிசையில் ஒரு தாத்தா பழைய பாட்டு கேட்பார், அதே நிமிடம் பின்னால் இளவட்டம் குத்துப்பாட்டு கேட்கும். 2018இல் சூப்பர் சிங்கரில் ஜெயித்த செந்தில் கணேஷ் பல வருடம் கிராமிய மேடைகளில் பாடிவிட்டுத்தான் டிவிக்கு வந்தார். அவர் நின்ற நிற்பிலேயே அது தெரிந்தது. இதே ராமநாதபுரத்தில் 1925இல் பிறந்த நாகூர் ஹனிபா, முறையாகச் சங்கீதம் படிக்காமல், மேடை மேடையாகப் பாடித்தான் அந்தக் கணீர்க் குரலை ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு போட்டியில் பாடி வந்த ஒரு பையனை நான் வாசித்த குழுவில் அழைத்தார்கள். அவனுக்கும் 15 இருக்கும். ஒரு சீசனில் இருபதுக்கு மேல் கச்சேரி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருந்தாலும் திருவிழாவில் நேரம் இழுக்கும், பொருட்களை ஏற்றி வேனில் வீடு திரும்ப மூன்று மணி ஆகும். உப்புக்காற்று, ஜெனரேட்டர் புகை, தூக்கமில்லாத தொண்டை. டிவியில் பாடிய அதே உயரத்தில் பாட வேண்டும் என்று குழுவில் கட்டாயம். கீபோர்டில் சுருதியை இறக்குவது ஒரு பொத்தான் வேலை. அந்தப் பொத்தான் என் விரலுக்கு அடியில் இருந்தது. வைகாசியில் ஒரு ராத்திரி மேல் சுரத்தில் அவன் குரல் அறுந்து, கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவன் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்கு அப்புறம் அவன் மேடைக்கு வரவில்லை. இரண்டு கட்டை இறக்கி வாசித்திருக்கலாம், ஏன் வாசிக்கவில்லை என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது.

அதனால் மேடை வேண்டும், ஆனால் எண்ணி ஏற வேண்டும். மாதத்துக்கு ஒன்று, இரவு 9 மணிக்குள் அவன் பாட்டுகள் முடிந்துவிட வேண்டும், சுருதியை அவன் சொல்லுவான். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாத குழு, என் நண்பனின் குழுவாக இருந்தாலும், வேண்டாம்.

யூடியூபைப் பற்றி எல்லோரும் பேசுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. பணம் வாங்கும் கணக்கு 18 வயதுக்கு மேற்பட்டவர் பெயரில் இருக்க வேண்டும், ஆகவே அப்பா அம்மா பெயரில்தான். சினிமாப் பாட்டைப் பாடிப் போட்டால் இசை உரிமை வைத்திருக்கும் நிறுவனம் உரிமை கோரும், விளம்பரப் பணம் பெரும்பாலும் அங்கே போய்விடும். நூறு சினிமாப் பாட்டு பாடிப் போட்டாலும் அதில் ஒன்றுகூட நமக்குச் சொந்தமாகாது.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மச்சானுடைய அப்பா கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அவருக்கு நிறையத் தெரியும். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கும் பாட்டு. எழுதியவர் பெயர் இல்லாத, தலைமுறையாக வந்த பாட்டு, யாரும் உரிமை கேட்டு வர முடியாது. பையனின் இப்போதைய கரகரத்த குரலுக்கும் அது பொருந்துகிறது, நாலைந்து சுரத்துக்குள் நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தா எடுத்துக்கொடுக்க இவன் வாங்கிப் பாடியதை என் போனில் பதிவு செய்தேன். அதைக் கேட்டு அக்கா வெகுநேரம் பேசவில்லை. பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் நடக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலிக்கு இந்த மாதிரிப் பாட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் நினைத்திருக்கிறோம். யூடியூப் வேண்டும் என்றால் இந்த மாதிரி வேண்டும் என்பது என் எண்ணம். மாதம் ஒரு பாட்டு போதும். கருத்துப் பெட்டியில் குரலைப் பற்றி யாராவது கண்டபடி எழுதினால் இந்த வயதில் அது ஆழமாக இறங்கும், ஆகவே அதை மூடி வைத்துவிடலாம்.

வேறு சேனலில் அடுத்த போட்டி: வேண்டாம். உடைகிற குரலோடு மறுபடி நடுவர்கள் முன்னால் நிறுத்துவது பிள்ளைக்குச் செய்யும் நல்லது ஆகாது. 19, 20 வயதில் பெரியவர்கள் போட்டிக்கு அவனே போக விரும்பினால் அப்போது பார்க்கலாம்.

மிச்சம் இருப்பது படிப்பும் கற்றலும். டிவிக்குப் போய்விட்டு வந்தவனை மறுபடி ஆரம்பப் பாடமான சரளி வரிசைக்கு உட்காரச் சொன்னால் முகம் சுருங்கத்தான் செய்யும். இவனுக்கும் சுருங்கியது. ஆனால் இவன் இதுவரை காதால் கேட்டுப் பிடித்துப் பாடியவன். சுரம் எழுதினால் படிக்கத் தெரியாது, தன் பாட்டு என்ன ராகத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. குரல் ஓய்வெடுக்க வேண்டிய இந்த இரண்டு வருடம் காதுக்கும் மூளைக்கும் வேலை கொடுக்கத் தோதான காலம். ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம் என்று மூன்று வருடச் சான்றிதழ் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம். பகல் வகுப்பு என்பதால் பள்ளியோடு சேர்த்து ஓடாது, +2 முடித்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் பட்டயமோ பட்டமோ வேண்டுமென்றால் மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை இருக்கிறது. இந்த ராமநாதபுரம் சங்கீதத்துக்குப் பெயர்போன ஊர்தான். சேதுபதி சமஸ்தானம் ஆதரித்த பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் பல வருடம் கற்றவர்தான் பெரிய கர்நாடக சங்கீதப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

சரி, நாங்கள் என்ன முடிவு செய்தோம்? +1 சேர்கிறான், பள்ளி அதே பள்ளி. சனி, ஞாயிறு ராமநாதபுரத்தில் ஒரு ஆசிரியரிடம் பாட்டு. சாயங்காலம் என்னிடம் கீபோர்டு, பாடாமலேயே இசை செய்யப் பழகட்டும் என்று. மேடை மாதத்துக்கு ஒன்று. அம்பாப் பாட்டுப் பதிவு தொடரும். ஒப்பந்தம் இல்லை, சென்னை இப்போது இல்லை. கடனுக்கு இதில் பதில் கிடையாது, அதை அக்காவிடம் நேராகவே சொன்னேன். பதினைந்து வயதுத் தொண்டையை வைத்து அதை அடைக்க வேண்டாம் என்று மச்சான்தான் முடித்து வைத்தார். பையனுக்கு முழுச் சம்மதமா என்றால், இல்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் வந்து, "மாமா, அந்த ரெண்டாவது அம்பாப் பாட்ட இன்னும் கீழ எறக்கி வாசிங்க" என்றான்.

ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா வருகிறது. இரண்டு பாட்டு பாட ஒத்துக்கொண்டிருக்கிறான், கீபோர்டு நான்தான். எந்தச் சுருதி என்று இன்னும் வைக்கவில்லை. வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது, திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரிதான் வைப்போம்.